பார்ட்டி பணம் தரவில்லை: கவுன்சிலா, செக் வழக்கா, சிவில் கோர்ட்டா?

சரக்கு போய்விட்டது. பில் போட்டு, அந்த மாதமே ஜிஎஸ்டியும் கட்டியாயிற்று. பணம் மட்டும் வரவில்லை. போன் போட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். அடுத்த வாரம் போட்டால், கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை. சிறுதொழில் நடத்துகிற யாருடைய லெட்ஜரைப் புரட்டினாலும் இப்படி ஒரு பார்ட்டியின் பெயராவது கண்ணில் படும்.

இந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை வரும். வக்கீல் நோட்டீஸ் விடு என்பார் ஒருவர். ஸ்டேஷனில் புகார் கொடு என்பார் இன்னொருவர். ஆன்லைனில் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) புகார் போட்டால் வட்டியோடு வரும் என்று மூன்றாமவர் சொல்வார். பாக்கி பெரிதா சிறிதா என்பதை வைத்துத்தான் பலரும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் தொகைக்கு மூன்றாவது இடம்தான். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பது. அடுத்தது, எதிரில் இருப்பவர் யார், அவரிடம் எடுப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பது.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் உதிரி பாகம் செய்கிற ஒரு பட்டறை, அகமதாபாத்தில் இருக்கும் கம்பெனிக்கு 4 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியிருக்கிறது. எட்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை.

ஃபெசிலிடேஷன் கவுன்சில்

குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கியை விசாரிக்க மாநில அரசு அமைத்திருக்கும் குழு இது. இந்தப் பட்டறை உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் விற்பவர் பக்கம் இவ்வளவு சாய்ந்து எழுதப்பட்டிருப்பது பலருக்கும் தெரிவதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். "எங்கள் கம்பெனியில் 90 நாள் கிரெடிட்தான்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகிற பகுதி செல்லாது.

ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதில்தான் சண்டை வரும். சரக்கு சரியில்லை, அதனால் தரவில்லை என்பதுதான் வழக்கமான பதில். சட்டம் இதற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. சரக்கு வந்து சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். எட்டு மாதம் கழித்துக் குறை சொல்கிற பார்ட்டிக்கு இது பெரிய இடைஞ்சல். அதனால்தான் டெலிவரி சலானில் வாங்குகிறவரின் சீலும் கையெழுத்தும் தேதியும் அவ்வளவு முக்கியம். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி கிறுக்கிய கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றால், இ-வே பில்லையும் லாரி ரசீதையும் கூடவே எடுத்து வையுங்கள்.

தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். 4 லட்சத்துக்கு ஒரு வருடத்தில் 78,000 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். கொடுப்பவர் இந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

கோவைப் பட்டறைக்கு இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சில் விசாரிக்கலாம். அகமதாபாத்துக்கு அலைய வேண்டியதில்லை, அவர்கள்தான் இங்கே பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு கவுன்சில்கள் இருக்கின்றன. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாகப் புகாரைப் பதியலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் அதுவே நடுவர் விசாரணையாக மாறி, முடிவில் ஆணை வரும். அந்த ஆணையை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சும்மா இழுத்தடிப்பதற்காக மேல்முறையீடு செய்கிற கம்பெனிகளை இந்த ஒரு விதியே பாதி அடக்கிவிடுகிறது.

சட்டத்தில் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். நோட்டீஸ் போய்ச் சேருவது, பதில் மனு, ஒத்திவைப்பு என்று நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகிறது. ஆனாலும் பல பாக்கிகள் புகார் பதிவாகி நோட்டீஸ் போன கட்டத்திலேயே பேச்சுக்கு வந்துவிடுகின்றன. காரணம், பெரிய கம்பெனிகளுக்கு இந்த நிலுவையை மறைப்பது கஷ்டம். ஆண்டுக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். 45 நாள் தாண்டிய பாக்கியைக் கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு அரையாண்டுக்கு ஒருமுறை படிவத்தில் தெரிவிக்கவும் வேண்டும். போதாததற்கு, வருமான வரியில் 2023 நிதிச் சட்டம் சேர்த்த விதிப்படி, குறு சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும்.

இப்போது, இந்தக் கதவு யாருக்குத் திறக்காது என்று பார்ப்போம். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இது கிடையாது. 2021 முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யமில் பதியலாம்தான். ஆனால் அது வங்கிகள் தரும் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். கடையில் உத்யம் சான்றிதழை பிரேம் போட்டு மாட்டியிருப்பவர்கள் இதைக் கேட்டால் முகம் வாடிப்போகிறார்கள். நடுத்தர நிறுவனத்துக்கும் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனம் என்பதற்கான வரம்பு, முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை உயர்ந்திருப்பதால், அந்த விளிம்பில் இருக்கிறவர்கள் சிலர் இப்போது உள்ளே வருவார்கள்.

சப்ளைக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கும் சிக்கல்தான். பின்னால் பதிந்துவிட்டு முந்தைய பில்களுக்குப் பலன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொன்னது. 2025-இல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

செக் வழக்கு

கையில் திரும்பி வந்த செக் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கவனியுங்கள். செக் வழக்குதான் சிறந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் கெடுதான் எல்லாவற்றிலும் குறுகியது.

செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு நாள் கணக்கில் இயங்குகிறது. ஜூன் 3 அன்று வங்கி ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கான சீட்டு) கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 3-க்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது ஜூலை 10 அன்று பார்ட்டி கைக்குப் போனால், பணம் கட்ட அவருக்கு ஜூலை 25 வரை, அதாவது 15 நாள் அவகாசம். கட்டவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்; ஆகஸ்ட் 25-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. வழக்குப் போடுவதில் தாமதமானால் தக்க காரணம் காட்டி கோர்ட்டில் மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் கெடு தவறினால் அதற்கு வழி இல்லை. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாமல் இருந்தால் திரும்பவும் வங்கியில் போட்டு, அது திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் இருக்கும் தொகையாகவே இருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் செக்குக்கு இரண்டு கோடி என்று அடித்து அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. தட்டச்சுப் பிழை என்ற வாதத்தை ஏற்கவில்லை. வட்டி, வக்கீல் செலவு எல்லாம் கேட்கலாம், ஆனால் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். அதேபோல, செக் வாங்கிய பிறகு பார்ட்டி பாதிப் பணம் கட்டியிருந்தால், முழுத் தொகைக்கு அந்தச் செக்கை வங்கியில் போடாதீர்கள். வந்த தொகையைச் செக்கிலேயே குறித்து மீதிக்குப் போட வேண்டும் என்பது 2022 தீர்ப்பு. அதைவிட, மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்கிவிடுவது சுலபம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் செக் வழக்கு நல்ல ஆயுதம். கடன் இருந்தது என்று நீங்கள் முதலில் நிரூபிக்க வேண்டியதில்லை. கையெழுத்து அவருடையது என்றாலே கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப்போல இரண்டு மடங்கு வரை அபராதம். 2018 திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே வழக்கு நடக்கும். இங்கேயும் கோவைக்காரர் அகமதாபாத் போக வேண்டாம். கம்பெனி செக் என்றால், கையெழுத்துப் போட்டவரையும் அன்றாடப் பொறுப்பில் இருந்த இயக்குநர்களையும் சேர்க்க முடியும். கம்பெனி பெயரில் வருகிற சிவில் சம்மனைப் பொருட்படுத்தாத மனிதர், தன் பெயரில் கிரிமினல் கோர்ட் சம்மன் வந்தால் வக்கீலைத் தேடி ஓடுவார். இந்த வழக்கின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு பொறியும் உண்டு, பலர் விழுகிறார்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் செக் வழக்குகள் வருடக்கணக்கில் நடக்கின்றன. சரி, அதுதான் நடக்கிறதே என்று மற்ற வழிகளை மறந்துவிடுகிறார்கள். நான்காவது வருடம் ஏதோ ஒரு தொழில்நுட்பக் காரணத்தால் எதிராளி விடுதலையாகிறார். சரி, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால் அங்கே வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிந்திருக்கும். செக் வழக்கு ஓடுவதால் சிவில் கெடு நிற்காது. இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தத் தடையில்லை. பணத்தை இரண்டு முறை வசூலிக்கத்தான் முடியாது.

சிவில் கோர்ட்

வியாபாரிகளுக்கும், உத்யம் இல்லாதவர்களுக்கும், செக் இல்லாதவர்களுக்கும் கடைசியில் இதுதான் வழி. 3 லட்சம் ரூபாய்க்குக் கீழே என்றால் சாதாரண சிவில் வழக்கு. 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும். அவசரத் தடை உத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால், வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுப் போட்டே ஆக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சமரசம் தாண்டாமல் போட்ட வழக்குகள் வாசலிலேயே திரும்புகின்றன. மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம் கெடுவில் சேராது. எதிராளி வரவே இல்லை என்றால் வரவில்லை என்று அறிக்கை தருவார்கள், அதை வைத்து வழக்குப் போடலாம். இதை வெறும் சடங்கு என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே எழுதிக் கையெழுத்திடும் உடன்பாடு நடுவர் ஆணைக்குச் சமம்.

நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. 2017-இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய். அதோடு வக்கீல் கட்டணம்.

கையில் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ புரோ நோட்டோ இருந்தால் சம்மரி சூட் போட முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். அதில் எதிராளி பத்து நாளில் ஆஜராக வேண்டும். வழக்காட அனுமதியும் கோர்ட்டிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லத் தகுந்த காரணம் இல்லையென்றால் விசாரணை இல்லாமலேயே டிகிரி (தீர்ப்பாணை) ஆகிவிடும்.

டிகிரி வாங்கினால் பணம் வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நிறைவேற்று மனுப் போட்டு, கணக்கையோ சொத்தையோ ஜப்தி செய்துதான் எடுக்க வேண்டும். 12 ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. வாடகைக் கட்டடத்தில், மனைவி பெயரில் வீடு வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்திருக்கும் பார்ட்டியிடம் 12 ஆண்டு இருந்தும் என்ன செய்வது? எதிராளியிடம் எடுக்க என்ன இருக்கிறது என்று முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் என்றால் இன்னொரு விஷயம். பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப், தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது சிவில் வழக்குப் போட முடியாது. கூட்டு ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறவர்கள் ஏராளம். பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மற்றவை

வக்கீல் நோட்டீஸை ஒரு தனி வழியாகவே நான் எண்ணுவதில்லை. செக் வழக்கில் அது கட்டாயம். மற்ற இடங்களில் முன்னோட்டம். நோட்டீஸுக்கு முன்னால் நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள், பல நேரம் அதற்குப் பலன் கூடுதல். பில் எண், தேதி, தொகை, 45 நாள் முடிந்த தேதி, இன்று வரை வட்டி. கூடவே அவர்களுக்கு ஒரு வரி: "பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், இந்தப் பில்லுக்கு நீங்கள் எடுத்த ஜிஎஸ்டி வரவை (வரிக் கழிவை) வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்." அந்த வரியைப் படித்ததும் பர்ச்சேஸ் மேனேஜர் கடிதத்தை அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பிவிடுவார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

லோக் அதாலத் நல்லது, செலவில்லாதது. அதன் முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். தொகையில் சண்டையில்லை, தவணை கேட்கிறார் என்கிற பார்ட்டிக்குப் பொருத்தம்.

திவால் சட்டத்தைச் சொல்லி மிரட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது ஒரு கோடி இருந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும், அதுவும் கம்பெனி, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனம்) மீதுதான். நம் 4 லட்சத்துக்கு அங்கே இடமில்லை.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு போலி முகவரி, போலி ஜிஎஸ்டி எண் கொடுத்துச் சரக்கெடுத்திருந்தால் அது மோசடி, புகார் கொடுங்கள். வாங்கினார், கொஞ்சம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார் என்பது சிவில் விவகாரம். ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசினால் பணம் வந்துவிடும் என்ற ஆசையும், நாலு பேரை அனுப்பிக் கட்டப் பஞ்சாயத்துப் பண்ணுகிற ஆசையும் உங்களைத்தான் எதிரியாக நிறுத்தும்.

எதை எடுப்பது

கோவைப் பட்டறைக்கு என் பதில்: செக் இல்லை, உத்யம் முன்பே இருக்கிறது, எதிராளி ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி. யோசிக்காமல் கவுன்சில். அந்தக் கம்பெனியோடு தொடர்ந்து வியாபாரம் வேண்டுமென்றால் முதலில் மின்னஞ்சல், இரண்டு வாரம் பொறுத்து கவுன்சில். உறவு கெட்டுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் எட்டு மாதம் பணம் தராதவர் தரும் அடுத்த ஆர்டருக்கு முன்பணம் வாங்காமல் சரக்கு ஏற்றினால் அதை வியாபாரம் என்று சொல்ல மாட்டேன்.

இதே பட்டறையிடம் திரும்பிய செக்கும் இருந்தால், முதலில் 138 நோட்டீஸ், பின்னாலேயே கவுன்சில் புகார். இரண்டுக்கும் ஒரே வக்கீலை வைத்துக்கொண்டால் இரு இடத்திலும் ஒரே கணக்கு போகும். தொகை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஈரோட்டில் துணி வாங்கி விற்கிற மொத்த வியாபாரிக்கு 2 லட்சம் பாக்கி, செக் இல்லை என்றால் லோக் அதாலத் அல்லது நேரடிப் பேச்சு, நகரவில்லை என்றால் சிவில் வழக்கு. 40,000 ரூபாய் பாக்கிக்கு, எதிராளியிடம் சொத்தும் இல்லை என்றால், வழக்கே வேண்டாம் என்பேன். லெட்ஜரில் வாராக் கடனாகத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கட்டிய ஜிஎஸ்டி அதற்காகத் திரும்பி வராது, அந்த வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

எந்த வழியானாலும் மூன்று வருடக் கெடுவை மட்டும் விடாதீர்கள். கெடு முடிவதற்குள் பார்ட்டி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். ஒவ்வொரு மார்ச் முடிவிலும், "31 மார்ச் நிலவரப்படி உங்கள் கணக்கில் எங்களுக்கு வர வேண்டியது இவ்வளவு" என்று ஒரு தாள் அடித்து, சீலும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது யாரும் இதற்கு மறுப்பதில்லை. ஆடிட்டர் கேட்கிறார் என்று சொன்னால் போதும்.